கட்டிப்போட்ட தங்கக் கால்கள்!



ஆண்டு மலருக்கு ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கேட்டார். பீலே, மரடோனா பெயர்களையெல்லாம் அதற்குள் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் கல்லூரி அணியில் நடுக்களத்தில் ஆடுகிறவன். கோல் போட்டவன் பெயர் நோட்டீஸ் போர்டில் வரும். அவன் காலுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் பெயர் வராது! அதனால், பந்து எடுத்துக் கொடுத்தே பேர் வாங்கிய ஒருவரைத் தேடினேன். கிடைத்தவர் இங்கிலாந்தின் வில்ஃப் மானியன். ஆட்டத்தைப் படிக்கப் போன என்னை அவருடைய வாழ்க்கை பிடித்துக்கொண்டது.

மானியன் பிறந்தது 1918 மே 16. இடம், இங்கிலாந்தின் வடகிழக்கில் மிடில்ஸ்பரோ நகரை ஒட்டிய சவுத் பேங்க். சுற்றிலும் இரும்பு உருக்காலைகளும் கப்பல் கட்டும் தளமும் நிறைந்த ஊர். சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய டார்மன் லாங் கம்பெனி மிடில்ஸ்பரோவைச் சேர்ந்ததுதான். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டில் பத்துப் பிள்ளைகள். மானியனின் உயரம் 5 அடி 5 அங்குலம்தான். பொன்னிற முடி. அதனால் ரசிகர்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் ‘தங்கப் பையன்’.

1936-இல் மிடில்ஸ்பரோ கிளப்பில் சேர்ந்தார். 1938 டிசம்பரில் பிளாக்பூல் அணியை 9-2 என்று அடித்து நொறுக்கிய ஆட்டத்தில் நாலு கோல் இவருடையது. அப்போது அவருக்கு வயது 20!

அந்தக் காலத்தில் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடுவார்கள். அதில் இரண்டு பேர் கொஞ்சம் பின்வாங்கி நின்று, பின்களத்திலிருந்து வரும் பந்தை வாங்கி முன்னால் அனுப்புவார்கள். மெஷின் பாஷையில் சொன்னால், மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற கியர் மாதிரி. மானியன் இடதுபக்கக் கியர். தோல் பந்து மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். அந்தப் பந்தையும் ஓடுகிறவன் வேகத்துக்கு அளந்து கொடுப்பார்.

நல்லா ஆட வேண்டிய வயசில் இரண்டாம் உலகப் போர் வந்து ஏழு வருஷத்தைத் தின்றது. 1940-இல் டன்கிர்க் கடற்கரையிலிருந்து உயிர் தப்பி வந்தார். 1943-இல் சிசிலிப் போரில் ஹெட்லி வெரிட்டியின் கீழ் பணியாற்றினார். இந்த வெரிட்டி யார் தெரியுமா? 1934-இல் நம்ம சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கு எதிராக 11 விக்கெட் எடுத்த அதே கிரிக்கெட் வீரர்! சிசிலியில் பட்ட காயத்தில் வெரிட்டி இறந்துபோனார். மானியன் உயிரோடு ஊர் திரும்பினார்.

1946 செப்டம்பரில் இங்கிலாந்து அணிக்காக பெல்ஃபாஸ்ட் நகரில் இறங்கினார், மூன்று கோல். 1947 மே மாதம் கிளாஸ்கோவில் பிரிட்டன் அணி, ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து பொறுக்கி எடுத்த அணியோடு மோதியது. லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். 6-1 என்று பிரிட்டன் வெற்றி. இரண்டு கோல் மானியன். அடுத்த இரண்டு வாரத்தில் லிஸ்பனில் போர்ச்சுகலை இங்கிலாந்து 10-0 என்று வென்றது. லாட்டன் நாலு, மார்டென்சன் நாலு, ஃபின்னி ஒன்று, மேத்யூஸ் ஒன்று. முன்வரிசை ஐந்து பேரில் கோல் கணக்கில் பெயர் இல்லாத ஒரே ஆள் மானியன்! அதைப் படித்தபோது எங்க கல்லூரி நோட்டீஸ் போர்டு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

ஆனால் அடுத்து படித்தது சிரிக்கிற விஷயமில்லை.

அன்றைக்கு இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய வீரனுக்கும் வாரச் சம்பளம் 12 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது; கோடையில் 10 பவுண்டு. சாதாரணத் தொழிலாளியோடு ஒப்பிட்டால் இது நல்ல சம்பளம்தான். அதைவிடக் கொடுமையானது இன்னொரு விதி. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் வீரன் வேறு கிளப்புக்குப் போகலாம். விடவில்லை என்றால் அங்கேயே ஆட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சும்மா உட்கார வேண்டும்.

1948-இல் மானியன் மிடில்ஸ்பரோவுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். மூன்றாம் பிரிவில் இருந்த ஓல்டம் அணிக்குப் போக விரும்பினார். அங்கே கோழிக்கூடு விற்கும் வேலை ஒன்றும் கிடைத்தது. மிடில்ஸ்பரோ கேட்ட தொகை 25,000 பவுண்டு! அதற்கு முந்தின வருஷம் லாட்டன் கிளப் மாறியபோது கைமாறிய 20,000 பவுண்டே பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. சின்ன கிளப்பான ஓல்டத்தால் எப்படிக் கட்ட முடியும்? மாதக்கணக்கில் நாட்டின் தலைசிறந்த கால்கள் மைதானத்தை மிதிக்கவில்லை. 1949 ஜனவரியில் வேறு வழியின்றி அதே கிளப்புக்குத் திரும்பினார். அந்த வருஷக் கடைசியில் மிடில்ஸ்பரோ மைதானத்தில் 53,802 பேர் டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்த்தார்கள். அந்த மைதானத்தில் அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை.

1950-இல் பிரேசிலில் இங்கிலாந்து முதன்முதலாக ஆடிய உலகக் கோப்பையில், சிலிக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்ற கசப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. மொத்தம் 26 சர்வதேச ஆட்டங்கள், 11 கோல்கள். 1954-இல் மிடில்ஸ்பரோவை விட்டு, பிறகு ஹல் சிட்டியில் 16 ஆட்டம் ஆடினார். கிளப்புகள் மேஜைக்கு அடியில் பணம் கொடுப்பதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியதற்கு, பெயர்களைச் சொல் என்று லீக் நிர்வாகம் கேட்டது. யாரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார். தடை விழுந்தது. அதன்பின் சின்ன அணிகளில் ஆடி, கடைசியில் கூலித் தொழிலாளியாக வேலை செய்து பிழைத்தார்.

நண்பர்களே, எங்க அப்பா விசைத்தறித் தொழிலாளி. முதலாளியிடம் வாங்குகிற முன்பணத்தை எங்க பக்கம் பாக்கி என்போம். பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போகணும் என்றால் புது முதலாளி பழைய முதலாளிக்கு அதைக் கட்ட வேண்டும். அப்பா மூன்று பட்டறை மாறியிருக்கிறார். பாக்கியும் கூடவே மாறி வந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் முதல் வருஷக் கட்டணமும் அந்தப் பாக்கியில் ஏறிய தொகைதான்.

மானியன் கதையை ஒரு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் எவ்வளவு பாக்கி வாங்கியிருந்தார் என்று கேட்டார். ஒரு பைசாகூட இல்லை என்றேன். அப்பாவால் நம்ப முடியவில்லை. கடன் வாங்காத ஆளை எப்படிப் பிடித்துவைக்க முடியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். காகிதத்தில் எழுதியிருந்தது, அதனால் முடிந்தது என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், நீ எதில் கையெழுத்துப் போட்டாலும் முழுசாகப் படித்துவிட்டுப் போடு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மானியன் தோற்றார். ஆனால் அவர் கேட்ட கேள்வி தோற்கவில்லை. 1961-இல் வீரர் சங்கம் ஜிம்மி ஹில் தலைமையில் போராடிச் சம்பள வரம்பை ஒழித்தது. 1963-இல் ஜார்ஜ் ஈஸ்டம் என்ற வீரர் தொடர்ந்த வழக்கில், வீரனைப் பிடித்துவைக்கும் அந்த விதி நியாயமற்றது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995-இல் போஸ்மன் வழக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரன் ஐரோப்பிய நாடுகளுக்கிடையே பணம் கட்டாமலே கிளப் மாறலாம் என்றானது. மானியன் 2000 ஏப்ரல் 14 அன்று 81-ஆம் வயதில் காலமானார். மிடில்ஸ்பரோவின் புது மைதானத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை நிற்கிறது.

சிலை வைத்த ஊர், அவர் போக விரும்பியபோது வழிவிட்டிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்!

அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவில் நம் முன்னாலும் பாண்டு பத்திரங்கள் வரும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் நாம். நம்மைப் படிக்க வைத்தது அதற்கும் சேர்த்துத்தான்!



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை