பெஸி கோல்மன்: கடல் கடந்து சிறகு பெற்றவர்

முன்னோடிப் பெண் விமானிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பெரும்பாலானோருக்கு உடனே நினைவுக்கு வருவது அமெலியா இயர்ஹார்ட்டின் பெயர்தான். அவர் தமது விமானி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றது 1923 மே மாதத்தில். அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே சர்வதேச விமானி அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்திருந்த இன்னோர் அமெரிக்கப் பெண் இருந்தார். பருத்தித் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினப் பெண். பெயர் பெஸி கோல்மன். 1926 ஏப்ரல் 30 ஆம் திகதி விமானத்திலிருந்து வீழ்ந்து அவர் இறந்தார். 2026 ஆம் ஆண்டுடன் அதற்கு நூறு ஆண்டுகள் ஆகின்றன.

விமானி அனுமதிப்பத்திரம் பெற்ற முதலாவது ஆபிரிக்க அமெரிக்கப் பெண் என்பது வரலாறு அவருக்குக் கொடுத்துள்ள இடம். ஆனால் அவரது வாழ்க்கையைப் படிக்கும்போது என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. தனக்குப் பின்னால் வருபவர்கள் தன்னைப்போல் அலையக் கூடாது என்பதற்காக அவர் எதை எதையெல்லாம் இழக்கத் துணிந்தார் என்பதே அது.

1892 ஜனவரி 26 ஆம் திகதி ரெக்சாஸ் மாநிலத்தின் அட்லாண்டா என்ற சிற்றூரில் பெஸி பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் பத்தாவது பிள்ளை. குடும்பம் பின்னர் அதே மாநிலத்தின் வக்ஸஹாச்சிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை ஜோர்ஜின் உடலில் கறுப்பின இரத்தத்தோடு பூர்வகுடி இரத்தமும் ஓடியது. ரெக்சாஸின் இன ஒடுக்குமுறையைச் சகிக்க முடியாமல் 1901 இல் அவர் பூர்வகுடியினர் வாழ்ந்த ஒக்லஹோமா பக்கம் போய்விட்டார். தாய் சூசன் பிள்ளைகளோடு அங்கேயே தங்கினார். வீட்டு வேலை செய்தும் பருத்தி பறித்தும் அவர்களை வளர்த்தார்.

கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்தது ஒற்றை அறைப் பாடசாலை. அதற்கும் பெஸி நான்கு மைல் நடக்க வேண்டும். பருத்தி அறுவடைக் காலம் வந்தால் படிப்பும் நின்றுவிடும். இருந்தும் கணக்கில் அவர் கெட்டிக்காரியாக இருந்தார். சேமித்த பணத்தோடு ஒக்லஹோமாவின் லாங்ஸ்டனில் இருந்த கறுப்பினத்தவருக்கான உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு தவணையோடு பணம் தீர்ந்துபோனது. மீண்டும் ஊருக்கே திரும்பினார்.

1915 இல், தமது 23 ஆவது வயதில், அண்ணன்மார் வசித்த சிக்காகோவுக்குப் போனார். ஒரு சலூனில் வாடிக்கையாளர்களின் நகங்களை ஒப்பனை செய்யும் வேலை கிடைத்தது. முதலாம் உலகப் போரில் பிரான்ஸில் பணியாற்றிவிட்டு வந்த அண்ணன் ஜோன், அங்கே பெண்களும் விமானம் ஓட்டுகிறார்கள், உன்னால் அது முடியாது என்று தங்கையைச் சீண்டினார். அந்தச் சீண்டல் பெஸியின் மனதில் ஆழப் பதிந்துவிட்டது.

ஆனால் அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பாடசாலையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண் என்பது ஒரு தடை, கறுப்பினத்தவர் என்பது இன்னொரு தடை. சிக்காகோ டிபெண்டர் என்ற கறுப்பினப் பத்திரிகையின் நிறுவுநர் ரொபர்ட் அபொட், பிரான்ஸுக்குப் போய்ப் படிக்குமாறு அறிவுரை கூறினார். பெஸி பிரெஞ்சு மொழி வகுப்பில் சேர்ந்தார். தமது சேமிப்போடு அபொட் போன்றோரின் உதவியையும் சேர்த்துக்கொண்டு 1920 நவம்பரில் கப்பலேறினார்.

வட பிரான்ஸின் லு குரோத்துவா என்ற கடலோர ஊரில் கோட்ரோன் சகோதரர்களின் பயிற்சிப் பாடசாலை இருந்தது. அங்கே அவர் பழகியது நியூபோர் 82 ரக விமானம். மரச் சட்டத்தில் துணி போர்த்தி, மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள் வைத்துக் கட்டப்பட்டது. உடன் பயின்ற ஒருவர் விபத்தில் இறந்ததை அவர் கண்ணால் கண்டார். ஆனாலும் பயிற்சியை விடவில்லை. 1921 ஜூன் 15 ஆம் திகதி சர்வதேச வான்பறப்புச் சம்மேளனத்தின் அனுமதிப்பத்திரம் அவர் கைக்கு வந்தது.

நாடு திரும்பியபோது பத்திரிகைகள் அவரை வரவேற்றன. ஆனால் பிழைப்புக்கு வழி இல்லை. அன்றைய நிலையில் வானில் சாகசம் காட்டிப் பணம் திரட்டுவது ஒன்றுதான் அவர் முன்னிருந்த பாதை. அதைக் கற்றுக்கொடுக்கவும் அமெரிக்காவில் யாரும் முன்வராததால் 1922 இல் மறுபடியும் ஐரோப்பாவுக்குப் போய் பிரான்ஸ், நெதர்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளில் மேலதிகப் பயிற்சி பெற்றார். அவ்வாண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் அவரது முதலாவது காட்சி நடந்தது. போரில் பங்கேற்ற 369 ஆவது கறுப்பினப் படைப்பிரிவினரைக் கௌரவிக்கும் நிகழ்வு அது.

இந்தக் காட்சிகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. கறுப்பினத்தவருக்கென ஒரு விமானப் பயிற்சிப் பாடசாலை அமைக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். ஆகவே பணம் கிடைக்கும் இடங்களில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். திரைப்படம் ஒன்றில் நடிக்கும் வாய்ப்பு வந்தது. முதற் காட்சியில் கந்தல் உடையும் கையில் தடியும் முதுகில் மூட்டையுமாக அவர் தோன்ற வேண்டும் என்றார்கள். கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டும் அந்த வேடம் வேண்டாமென்று வெளியேறினார். அதனால் உதவக்கூடிய சிலரின் ஆதரவையும் இழந்தார்.

1923 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இயந்திரம் நின்று அவரது விமானம் வீழ்ந்தது. காலும் விலா எலும்புகளும் முறிந்தன. சொந்தமாக வாங்கிய ஒரே விமானமும் நொறுங்கியது. நீண்ட இடைவெளிக்குப் பின் 1925 இல் ரெக்சாஸில் மீண்டும் பறந்தார். வளர்ந்த ஊரான வக்ஸஹாச்சியில் காட்சி ஏற்பாடானபோது, வெள்ளையினத்தவருக்கும் கறுப்பினத்தவருக்கும் வெவ்வேறு வாயில்கள் என்றால் பறக்கமாட்டேன் என்று உறுதியாக நின்றார். ஏற்பாட்டாளர்கள் ஒரே வாயிலுக்கு இணங்கினார்கள். உள்ளே இருக்கைகள் பிரிந்தே இருந்தன. அது அரைகுறை வெற்றிதான். ஆனால் அன்றைய ரெக்சாஸில் அந்த ஒரு வாயிலைத் திறக்கவைப்பதே பெரிய காரியம்.

தேவாலயங்களிலும் அரங்குகளிலும் உரையாற்றினார். புளோரிடாவில் அழகு நிலையம் நடத்தினார். எல்லாம் பாடசாலைக்காகவே. டலஸ் நகரில் வாங்கிய பழைய விமானமொன்றை வில்லியம் வில்ஸ் என்ற 24 வயது இயந்திரவியலாளர் புளோரிடாவின் ஜக்ஸன்வில்லுக்கு ஓட்டிவந்தார். வழியிலேயே அது கோளாறு காட்டியது. ஏப்ரல் 30 ஆம் திகதி காலை வில்ஸ் விமானத்தை ஓட்ட, மறுநாள் பரசூட்டில் குதிப்பதற்கான இடத்தை எட்டிப் பார்க்கவேண்டியிருந்ததால் பெஸி ஆசனப்பட்டி அணியாமல் பின்னால் இருந்தார். விமானம் திடீரெனத் தலைகுப்புறப் பாய்ந்து சுழன்றது. பெஸி வெளியே வீசப்பட்டார். வில்ஸ் விமானத்தோடு வீழ்ந்து மாண்டார். கட்டுப்பாட்டுப் பொறிக்குள் ஒரு ஸ்பனர் சிக்கியிருந்தது பின்னர் தெரியவந்தது. பெஸிக்கு அப்போது வயது 34.

சிக்காகோவில் நடந்த இறுதி நிகழ்வில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். கறுப்பின உரிமைப் போராளி ஐடா பி. வெல்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். பாடசாலை மட்டும் கனவாகவே நின்றுவிட்டது.

அந்தக் கனவை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1929 இல் வில்லியம் பவல் லொஸ் ஏஞ்சல்ஸில் பெஸியின் பெயரில் விமானக் கழகம் தொடங்கினார். 1938 இல் வில்லா பிரவுன் அமெரிக்க மண்ணிலேயே அனுமதிப்பத்திரம் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண்ணானார். பெஸி கடல் கடந்து பெற்ற அந்தத் தகுதியை இன்னொரு கறுப்பினப் பெண் சொந்த நாட்டில் பெறுவதற்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன. பிரவுனும் கொர்னேலியஸ் கொபியும் சிக்காகோவுக்கு அருகே நடத்திய பாடசாலையில் பயின்றவர்கள் சிலர், இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற டஸ்கிகீ விமானிகளாக உருவானார்கள். 1992 இல் விண்வெளிக்குச் சென்ற முதலாவது கறுப்பினப் பெண்ணான மே ஜெமிசன், பெஸியின் படத்தையும் உடன் கொண்டுசென்றார். 1995 இல் அமெரிக்கா அவருக்குத் தபால் முத்திரை வெளியிட்டது. 2023 இல் 25 சத நாணயத்திலும் அவரது உருவம் வந்தது.

முத்திரையும் நாணயமும் காலம் கடந்து வந்த மரியாதைகள். உயிரோடிருந்தபோது அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு நல்ல விமானமும் ஒரு பாடசாலைக்கான பணமும்தான். அவற்றை அன்றைய சமூகம் கொடுக்கவில்லை. தடைகளை உடைத்து மேலே வந்த பெண்களை நாமும் மேடையேற்றிப் பாராட்டுகிறோம். அவர்களுக்கு அடுத்து வரும் பெண்ணுக்கு அந்தத் தடைகள் நீங்கிவிட்டனவா என்று கேட்பதற்கு மட்டும் மறந்துவிடுகிறோம். பெஸி கோல்மன் மறக்காமல் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.