பயாஸ் தந்தவர், பிராசசர் மாறியதும் பின்தங்கினார்: யார் இந்த கேரி கில்டால்?

கம்ப்யூட்டர் பூட் ஆகலைன்னா முதல்ல பயாஸைத்தான் பார்க்கச் சொல்வாங்க. அந்தப் பெயரை வைத்தவர் கேரி கில்டால். பில் கேட்ஸுக்கு முன்பே ஆபரேட்டிங் சிஸ்டம் சந்தையைக் கையில் வைத்திருந்தவர். அது எப்படி நழுவியது?

யார் இவர்?

1942-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தார். கலிஃபோர்னியாவில் கடற்படையின் முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, இன்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். இன்டெல் 8080 சிப்புக்காக 1974-ல் அவர் எழுதியதுதான் சிபி/எம். அதை விற்க மனைவி டோரதியுடன் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்.

பயாஸ் எதற்கு?

ஒவ்வொரு கம்பெனி மெஷினிலும் டிஸ்க், திரை, பிரின்டர் எல்லாம் வேற வேற. ஒவ்வொன்றுக்கும் முழு சிஸ்டத்தையும் திருத்தினால் கட்டுப்படியாகுமா? ஹார்டுவேரோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் கில்டால் தனியாகப் பிரித்தார். அதுதான் பயாஸ். ஃபைல்களைக் கவனிக்கும் மையப் பகுதியான கெர்னலைத் தொட வேண்டாம். பயாஸை மாற்றினால் போதும்.

எங்கே சறுக்கியது?

1978-ல் 8086 என்ற 16-பிட் சிப்பை இன்டெல் வெளியிட்டது. 8080-க்கான புரோகிராம் அதில் அப்படியே ஓடாது. சிப்புக்குப் புரியும் கட்டளைகளே வேறு. பயாஸை மாற்றி இதைச் சமாளிக்க முடியாது, கெர்னலையும் புது சிப்புக்கு ஏற்ப எழுதணும். அந்த சிபி/எம்-86 தாமதமானது.

8086 போர்டு விற்றுவந்த சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தால் காத்திருக்க முடியவில்லை. அங்கிருந்த டிம் பேட்டர்சன் 1980-ல் தானே ஒன்றை எழுதினார். சிபி/எம் புரோகிராம்களை எளிதாக மாற்றி ஓட்டும்படி அதை அமைத்தார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. அதுதான் டாஸ்.

ஐபிஎம் ஆட்கள் வந்த நாளில் கில்டால் விமானம் ஓட்டப் போய்விட்டார் என்ற கதை இன்றும் சுற்றுகிறது. பேச்சுவார்த்தை கைகூடவில்லை என்பது உண்மை. ஆனால் டாஸ் பிறக்க இடம் கொடுத்தது அந்தத் தாமதம்தான். சிபி/எம்-86 பின்னால் ஐபிஎம் பிசிக்கும் வந்தது, விலை 240 டாலர். டாஸ் வெறும் 40 டாலர். மக்கள் எதை வாங்கியிருப்பாங்க?

பிறகு?

1991-ல் டிஜிட்டல் ரிசர்ச்சை நாவெல் நிறுவனம் வாங்கியது. 1994 ஜூலை 11-ல், 52 வயதில் கில்டால் மறைந்தார்.

இன்றைய லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு பிராசசர் வகைக்கும் தனி ஃபோல்டரே உண்டு. பில்ட் செய்யும்போது ஆர்ம், இன்டெல் என எது தேவையோ அது சேரும். மீதியில் பெரும்பகுதி எல்லோருக்கும் பொது. உங்க ஆண்ட்ராய்டு போன் ஓடுவதும் அந்தக் கெர்னலில்தான். மாறுவதைத் தனியாக வை என்ற கில்டாலின் அதே யோசனை, இப்போது பிராசசருக்கும் சேர்த்து.