பழங்காலத்தை மேடைக்குக் கொண்டுவந்த சார்லஸ் கீன்

எட்மண்ட் கீன் நடிக்கிறார் என்றால் லண்டன் நகரமே திரண்டு வரும். அப்பேர்ப்பட்ட நடிகர். ஆனால் வீட்டில்? குடி, கடன், மனைவியோடு பிரிவு!

அவருடைய மகன் சார்லஸ் 1811-ல் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்குப் போகும்படி தந்தை சொன்னார். தாயாருக்கு ஆண்டுதோறும் 400 பவுன் தந்தால் போவதாகச் சொன்னார் மகன். தந்தை மறுத்துவிட்டார். தாயைக் காப்பாற்ற சார்லஸ் 1827-ல் மேடை ஏறினார். அப்போது வயது 16.

குரல் மூக்கால் வந்தது. ஜனங்கள் தந்தையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு இருவரும் சமாதானம் ஆனார்கள். 1833 மார்ச் 25-ல் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் சேர்ந்து நடித்தபோது, தந்தை மயங்கி மகன் கைகளில் சாய்ந்தார். மே மாதம் இறந்தார்.

புதைந்த நகரம்

1850-ல் லண்டன் 'பிரின்சஸ்' நாடகக் கொட்டகை சார்லஸ் கைக்கு வந்தது. ராஜா என்றால் ஏதோ ஒரு ஜரிகை அங்கி போதும் என்று அவர் விடவில்லை. அந்த ராஜா எந்த நூற்றாண்டு? அப்போது உடுப்பு எப்படி? வாள் எப்படி? ஓவியங்களையும் கல்லறைச் சிலைகளையும் பார்த்துத் தைக்கச் சொன்னார்.

அப்போதுதான் லேயார்டு என்பவர் பழைய அசீரியா நாட்டு அரண்மனைகளைத் தோண்டி எடுத்திருந்தார். சிற்பங்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. அவற்றைப் பார்த்து 1853-ல் 'சர்தனபாலஸ்' நாடகத்துக்குக் காட்சி ஜோடித்தார். சிறகு முளைத்த காளைகள் மேடையில் நின்றன!

1856-ல் ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை'. பொஹீமியாவுக்குக் கடற்கரை இருப்பதாகக் கதை. உண்மையில் அங்கே கடல் ஏது? சார்லஸ் நாட்டையே பித்தினியா என்று மாற்றிவிட்டார்! இளவரசன் வேஷம் போட்டது 9 வயதுச் சிறுமி எல்லன் டெர்ரி. அவள் இழுக்கும் பொம்மை வண்டிகூட பழைய கிரேக்க மாதிரிதான். முதல் நாள் அதில் தடுக்கி விழுந்து அழுதாள், பாவம். அவளே பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய நடிகை ஆனாள்.

துணியும் நடிப்பும்

1855-ல் 'எட்டாம் ஹென்றி' தொடர்ந்து 100 இரவுகள் நடந்தது. விக்டோரியா ராணியும் இவர் நாடகங்களுக்கு வந்தார். 1857-ல் பழம்பொருள் ஆராய்ச்சிச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது.

துணிக்குள் நடிப்பு மறைகிறது என்று சிலர் கேலி செய்தார்கள். அதிலும் நியாயம் உண்டு. காட்சி மாற்ற நேரம் வேண்டி ஷேக்ஸ்பியரின் வசனங்களையே வெட்டினாரே!

செலவு தாங்க முடியாதது. 1859-ல் கொட்டகையை விட்டார். ஆஸ்திரேலியா, அமெரிக்கா சுற்றி நடித்தார். 1868 ஜனவரி 22-ல் காலமானார். கடைசி வரை ஜோடியாக நடித்த மனைவி எல்லன் அதன்பின் மேடை ஏறவில்லை.