எழுத்துகளை எண்ணிய இமாம் கலீல் (ரஹ்)

திருக்குர்ஆனை ஓதும்பொழுது எழுத்துகளின் மேலும் கீழும் ஜபர், ஜேர், பேஷ் என்னும் குறிகளைக் காண்கிறீர்கள். அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாத நம் வீட்டுச் சிறுவரும் பிழையின்றி ஓத அக்குறிகளே துணை நிற்கின்றன. முன்னிருந்த புள்ளிகளுக்குப் பதிலாக அவ்வடிவங்களை வகுத்தவர் யார் என்று என்றேனும் எண்ணியதுண்டா? பஸரா நகரின் பேரறிஞர் கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதி (ரஹ்) அவர்களே அவர்.

ஹிஜ்ரி 100, அதாவது கி.பி. 718-ஐ ஒட்டி உமானில் பிறந்து, பஸராவில் கல்வி கற்று, அங்கேயே ஆசானாக விளங்கினார்கள். இலக்கண மேதை ஸீபவைஹி அவர்களின் மாணவரே. அரபுக் கவிதையின் ஓசைகளை ஆராய்ந்து, பதினைந்து சந்தங்களாக வகுத்து, யாப்பியல் என்னும் கலையை நிறுவியவர்களும் அவர்களே.

இத்தகைய அறிஞர் நாணல் குடிசையொன்றில் வறுமையோடு வாழ்ந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அஹ்வாஸ் பகுதியின் ஆளுநர் ஆளனுப்பி அழைத்தபொழுது, தம்மிடமிருந்த உலர்ந்த ரொட்டியைத் தூதரிடம் காட்டி, இது கிடைக்கும்வரை ஆளுநரின் தயவு தமக்கு வேண்டியதில்லை என்று கூறியனுப்பினார்களாம்.

அன்பு வாசகர்களே! ஒரு மொழியின் சொற்களில் ஒன்றுகூட விடுபடாமல் அகராதி தொகுப்பது எவ்வாறு? கேட்ட சொற்களை மட்டும் எழுதிக்கொண்டே போனால், கேளாதது விடுபட்டதை அறிய வழியில்லை. ஆகவே இமாமவர்கள் இருக்கும் சொற்களைத் தேடுமுன், இருக்கக்கூடிய சொற்களை எண்ணத் துணிந்தார்கள்.

காஃப், தா, பா என்னும் மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலிடத்தில் மூன்றில் ஒன்றை வைக்கலாம். இரண்டாமிடத்திற்கு எஞ்சிய இரண்டில் ஒன்று. கடைசி இடத்திற்கு மிஞ்சிய ஒன்றே. மூன்றை இரண்டாலும் ஒன்றாலும் பெருக்க, ஆறு வரிசைகள் கிடைக்கும். காஃப்-தா-பா என வரின் எழுதுதல்; பா-தா-காஃப் என வரின் வெட்டுதல். இவ்வாறே நான்கு எழுத்துகள் 24 வரிசைகளையும், ஐந்து எழுத்துகள் 120 வரிசைகளையும் தரும். ஒவ்வொரு வரிசையும் வழக்கில் உள்ளதா, இல்லையா என்று ஆராயும் இம்முறையிலேயே 'கிதாபுல் ஐன்' என்னும் முதல் அரபு அகராதி உருவாயிற்று. அவர்களின் மாணவர் லைஸ் அதனை நிறைவு செய்தார் என்பர்.

இனி 28 எழுத்துகளுக்கும் கணக்கிடுங்கள். எழுத்து மீண்டும் வராதெனக் கொண்டால், ஈரெழுத்து வரிசைகள் 28-ஐ 27-ஆல் பெருக்க 756. மூவெழுத்து வரிசைகள் 19,656. நான்கெழுத்தில் 4,91,400. ஐந்தெழுத்தில் 1,17,93,600. ஆகமொத்தம் 1,23,05,412. இத்தொகையை இமாமவர்களின் பெயராலேயே பின்வந்தோர் குறிப்பிடுகின்றனர்.

இன்று கல்லூரியில் புள்ளியியல் பயிலும் உங்கள் மகனோ மகளோ முதலில் கற்பதும் இதுவே. ஒன்று நிகழும் வாய்ப்பு எவ்வளவு என்று கூறுமுன், நிகழக்கூடியவை மொத்தம் எத்தனை என்பதை விடாமல் எண்ணியாக வேண்டும். மூன்று எழுத்துச் சீட்டுகளைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்தால், நாம் கருதிய வரிசையே அமைவதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு. அந்த ஆற்றை அறியாதவர் வாய்ப்பைக் கூற இயலாது.

அவர்களின் இறுதி பற்றி வழங்கும் செய்தி நெஞ்சை உருக்குவது. எளிய பணிப்பெண் ஒருத்தி கடைக்குச் சென்றாலும் வணிகர் அவளை ஏமாற்றவொண்ணாத எளிய கணக்குமுறை ஒன்றை அமைக்க எண்ணினார்கள். அச்சிந்தனையிலேயே ஆழ்ந்து பள்ளிவாசலுக்குள் நுழைந்தவர்கள், தூணில் மோதி வீழ்ந்து வஃபாத்தானார்கள் என்பர். கி.பி. 786-க்கும் 791-க்கும் இடைப்பட்ட காலம் அது.

கோடிக்கு மேல் எண்ணிய அவ்வறிவு, இறுதியில் ஓர் ஏழைப் பெண்ணின் சில்லறைக் காசுக்காகக் கவலைப்பட்டது. கணக்கைக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு, அது எதற்காக என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள்.