திருடியவரை மட்டும் பார்க்காத உமர் (ரலி)

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! 2024 ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது அவர்கள் தேடிக்கொண்ட சாவு என்று பேசியவர்கள் உண்டு. ஒருவரின் செயலுக்கு அவர் மட்டும்தான் காரணமா? உமர் (ரலி) அவர்களின் வாழ்க்கையில் இதற்குப் பதில் இருக்கிறது.

மக்காவில் குறைஷிகளின் பனூ அதீ கிளையில் பிறந்தவர்கள் உமர் (ரலி). தந்தை கத்தாப் கடுமையானவர். அந்த ஊரில் சிலை வணக்கம் முன்னோர் வழி, குலப்பெருமை கௌரவம், மது விருந்தின் அழகு. ஊர் கற்றுக்கொடுத்ததை உமர் முழு மனதோடு செய்தார்கள். நபி (ஸல்) அவர்களைக் கொல்ல வாளோடு புறப்பட்டதும் அந்த வளர்ப்பின் விளைவுதான். ஆனால் சகோதரி ஃபாத்திமாவின் வீட்டில் தாஹா சூராவின் வசனங்கள் அந்த உள்ளத்தைத் திருப்பிவிட்டன.

மது ஒரே நாளில் தடை செய்யப்படவில்லை. அதில் பயனைவிடப் பாவமே பெரிது என்று முதலில் வஹீ வந்தது. போதையில் தொழுகையை நெருங்கக் கூடாது என்று அடுத்து வந்தது. இன்னும் தெளிவான தீர்ப்பை அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் உமர் (ரலி). முழுத் தடை இறங்கியதும் விலகிவிட்டோம் என்று அறிவித்தார்கள். அன்று மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. தெருவே கொட்டியபோது, தனி ஒருவர் விடுவது எளிதாயிற்று.

பிறகு ஹிஜ்ரி 13 முதல் 23 வரை கலீஃபாவாக இருந்தார்கள். ஹிஜ்ரி 18இல் கடும் பஞ்சம். மக்கள் வயிறு நிறையும்வரை நெய்யைத் தொடவில்லை. பசியால் திருடியவரின் கையை வெட்டவும் இல்லை.

ஹாதிப் என்பவரின் அடிமைகள், முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். முதலில் கையை வெட்ட உத்தரவிட்ட உமர் (ரலி), எஜமானர் அவர்களைப் பட்டினி போடுகிறார் என்று உணர்ந்ததும் அதை நிறுத்தினார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம். ஹாதிப் 800 கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். திருடியது அடிமைகள்; அபராதம் பசியை உண்டாக்கியவருக்கு.

சகோதரர்களே! குடித்தவருக்குக் கேள்வி கணக்கு இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மறுமையில் ஒவ்வொருவரும் தன் செயலுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஊறல் போடுவதைப் பிழைப்பாக்கிக்கொண்டவர்கள் கல்வராயன் மலையில் ஏன் இருக்கிறார்கள்? வேலையும் சாலையும் பள்ளிக்கூடமும் எட்டாத இடத்தில் தப்பான தொழில் சுலபமாக எட்டிவிடுகிறது. கல்யாண வீட்டில் நண்பர்களுக்கென்று தனியாக மது விருந்து வைப்பவரும், கூலியை நாள் கடத்துபவரும் தங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

கருணாபுரத்துப் பிள்ளைகள் நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் ஹக்குக்கு மதம் நிபந்தனை இல்லை. ஸதகாவில் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். கூலியை அன்றைக்கே கொடுங்கள்.

நம் தெருக்களைத் தீமை எளிதில் நுழையாத தெருக்களாக ஆக்க, வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.