நேதாஜி போய்ச் சேர்ந்தார், கடிதம் போகவில்லை

உங்க நண்பர்களில் ஸ்டாம்ப் சேர்ப்பவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க. போர்க்காலத்தில் எதிரிக் கப்பல்கள் கடலை மறித்து நிற்க, அதையும் தாண்டிப் போய்ச் சேர்ந்த கடிதங்களுக்கு அவங்ககிட்ட தனி மரியாதை உண்டு. உறை கசங்கியிருக்கும், சென்சார் முத்திரை விழுந்திருக்கும். அதுதான் அதன் மதிப்பே! அப்படியொரு கடல் முற்றுகையை ஒரு மனிதரே தாண்டினார். அவர்தான் சுபாஷ் சந்திர போஸ்.

1897 ஜனவரி 23 அன்று கட்டாக்கில் பிறந்தவர். ஐ.சி.எஸ். பாஸ் பண்ணியும் வேலையை உதறியவர். இரண்டு முறை காங்கிரஸ் தலைவரானார். 1939 செப்டம்பர் 3, மயிலாப்பூரை ஒட்டிய நம்ம மெரினா கடற்கரையில் பெருங்கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு மாலைப் பேப்பரைக் கையில் கொடுத்தாங்க. பிரிட்டன் போரில் இறங்கிவிட்ட செய்தி அதில் இருந்தது.

1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக்காவலிலிருந்து தப்பி, காபூல், மாஸ்கோ வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்தார். ஆனால் இந்தியாவுக்காகப் போராட ஆசியாவுக்குத்தான் வரணும். கடலோ பிரிட்டிஷ் கப்பற்படையின் கண்காணிப்பில். ஒரே வழி நீர்மூழ்கிக் கப்பல்.

கிளம்பும் முன், 1943 பிப்ரவரி 8 அன்று, அண்ணன் சரத்துக்கு வங்காளியில் ஒரு கடிதம் எழுதினார். எமிலியை மணந்ததையும், மகள் பிறந்ததையும் சொல்லி, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவங்களை அன்போடு பார்த்துக்கொள்ளக் கேட்டிருந்தார். அதை எமிலியிடமே கொடுத்துவிட்டு, கீல் துறைமுகத்தில் யு-180 நீர்மூழ்கியில் ஏறினார். துணைக்கு அபித் ஹசன் மட்டும்.

ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் அருகே, நடுக்கடலில் ரப்பர் படகு மூலம் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினார். மே மாதம் சுமத்ரா. ஜூலையில் சிங்கப்பூர். மலேயாத் தோட்டங்களின் தமிழர்கள் அவர் படையில் திரண்டாங்க. பெண்கள் படைக்குத் தலைமை ஏற்றவர் நம்ம மெட்ராஸ் டாக்டர் லட்சுமி.

1945 ஆகஸ்ட் 18, தைவானில் விமான விபத்து. அதோடு அவர் வாழ்க்கை முடிந்தது. அண்ணனுக்கு எழுதிய விஷயம் போருக்குப் பிறகுதான் அவரிடம் போய்ச் சேர்ந்தது. 1948-ல் சரத் வியன்னா போய் எமிலியையும் குழந்தையையும் பார்த்தார்.

சுதந்திர இந்தியாவுக்காக பெர்லினில் அச்சான ஆசாத் ஹிந்த் ஸ்டாம்ப்களும் அப்படித்தான். எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படாமலே ஆல்பத்துக்குப் போயின. எங்காவது பார்த்தால் கவனிங்க, தபாலில் போன முத்திரை அதில் இருக்காது. அதை ஒட்டி அனுப்ப ஒரு தபால் நிலையம் கடைசிவரை திறக்கவே இல்லை.