கிராமம் விட்டுக்கொடுக்காத கைகள்

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கூவ்ரே என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்நாளில் அது வயலும் திராட்சைத் தோட்டமும் சூழ்ந்த சின்னஞ்சிறு விவசாயக் கிராமம். குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைத்துக் கொடுத்துப் பிழைத்த ஒரு தொழிலாளியின் நாலாவது குழந்தையாக, 1809 ஜனவரி 4-ந் தேதி அங்கே பிறந்தவர்தான் லூயி பிரெயில்.

மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடிய லூயி, தோலில் துளையிடும் குத்தூசியைக் கையில் எடுத்தான். அது தவறிக் கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் பார்வை அடியோடு போய்விட்டது.

பெற்றோர் அவனை மூலையில் உட்கார வைக்கவில்லை. தந்தை செய்து கொடுத்த கைத்தடியைத் தட்டிக்கொண்டே ஊர்ப் பாதைகளைப் பழகிக்கொண்டான். கிராமப் பள்ளியில் காதால் கேட்டே பாடம் படித்தான்.

1819-இல் பாரிஸிலுள்ள பார்வையற்ற சிறுவர் பள்ளியில் சேர்ந்தான். மேடாக அச்சடித்த பெரிய எழுத்துக்களைத் தடவித் தடவிப் படிக்க வேண்டும். படிப்பதோ ஆமை வேகம், எழுதவோ வழியில்லை. சார்ல் பார்பியே என்பவர் வகுத்த 12 புள்ளி முறை அப்பள்ளிக்கு வந்தது. அதுவும் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி விடாது முயன்று, 1824-இல் ஆறே புள்ளிகளில் எழுத்துக்கள் அனைத்தையும் அமைத்துவிட்டான். அப்போது வயது 15! காகிதத்தில் புள்ளி குத்த அவன் கையாண்டதும் ஒரு கூரிய கருவிதான்.

பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1829-இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். ஆனால், 1840-இல் பொறுப்பேற்ற பள்ளித் தலைவர் அதைத் தடுத்தார். மாணவர்கள் விடவில்லை, ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினார்கள். தடை தளர்ந்தது. எனினும், அரசாங்க அங்கீகாரம் கிடைத்தது 1854-இல்தான். அதைக் காண பிரெயில் இல்லை. காச நோயால் 1852 ஜனவரி 6-ந் தேதி, 43-வது வயதில் காலமாகிவிட்டார். உடல் சொந்தக் கிராமத்தில் அடக்கமாயிற்று.

நூறாண்டுகள் கழித்து, 1952-இல், நாட்டின் மாமனிதர்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவரது உடலை எடுத்துச் சென்றார்கள். கைகளை மட்டும் கிராமம் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பேழையில் வைத்து, பழைய கல்லறையிலேயே காத்து வருகிறது. அவர் பிறந்த வீடு காட்சிசாலையாக இருக்கிறது.

தமிழையும் இன்று அந்த ஆறு புள்ளிகளிலேயே படிக்கிறார்கள். நம் ஊர்ப் பார்வையற்ற பிள்ளை ஒன்று விரலால் வரியைத் தடவும்போது, கூவ்ரே கிராமத்தில் உறங்கும் அந்தக் கைகளை நாமும் நன்றியோடு நினைத்துக்கொள்ளலாம்.